அடுத்த வாரமும் போய்ப் பார்க்க வைக்கும் படங்கள்: தோட்டத்துப் பட்டணத்தில் படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு

தோட்டப்புறப் படங்கள் என்று புலனக் குழுக்களில் சுற்றி வருபவற்றில் பெரும்பாலானவை கூரை சரிந்த லயங்கள், பூட்டிக் கிடக்கும் ஆயக்கொட்டகை எனும் குழந்தைக் காப்பகம், பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட பள்ளி, புல் மண்டிய திடல் ஆகியவைதாம். அவற்றுக்கு ஆவண மதிப்பு உண்டு, எடுப்பவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. ஆனால் நாள்தோறும் போனதையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு, வாசல் தொட்டியில் இன்று காலை விட்டிருக்கும் துளிர் படாமலே போய்விடுகிறது. சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா போன்ற ஒரு தோட்டத்துப் பட்டணத்தில் இருந்துகொண்டு, கையில் உள்ள கைப்பேசியை மட்டும் வைத்து, மனத்தில் கொஞ்சம் நம்பிக்கையை வளர்த்துக்கொள்ள விரும்புபவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

இதில் சொல்லப்படும் முறை எளியது. இன்னும் முடிவடையாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைத் திரும்பத் திரும்பப் போய்ப் படமெடுக்க வேண்டும். அழகான காட்சி ஒன்றை எடுத்தவருக்கு அன்றைய மகிழ்ச்சி அன்றோடு சரி. பாதியில் நிற்கும் ஒன்றை எடுத்தவரோ, அது என்ன ஆயிற்று என்று பார்க்க அடுத்த வாரமும் போவார். வரப்போகும் நாளிடம் இப்படி ஏதாவது ஒன்றை எதிர்பார்த்துப் பழகுவதைத்தான் இங்கே நம்பிக்கை என்று சொல்கிறேன்.

மூன்றைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது வீட்டிலோ வாசலிலோ இருக்கட்டும்: நட்டு வைத்த முருங்கைப் போத்து, பூத் தள்ளிய வாழை, தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைக் கன்று. இரண்டாவது தெருவில் இருக்கட்டும்: திருப்பணி நடக்கும் மாரியம்மன் கோயில், சுவர் எழும்பும் வீடு, விடியற்காலையில் அடுப்புப் பற்ற வைக்கும் ஒட்டுக்கடை. மூன்றாவது தோட்டத்தையோ ஆற்றங்கரையையோ சேர்ந்ததாக இருக்கட்டும். தேர்ந்தெடுக்கும்போது, இன்னும் ஒரு மாதத்தில் இது இப்படியே இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இருக்கும் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். வண்ணம் பூசி முடித்த கோபுரத்தைவிட, சாரம் கட்டி ஒரு பக்கம் மட்டும் வண்ணம் ஏறிய கோபுரமே இந்தப் பயிற்சிக்கு உதவும்.

படமெடுக்க நம் ஊரில் என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள், செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசஃப் சூடெக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த அவர், பிராக் நகரம் நாஜிகளின் பிடியில் இருந்த 1940 வாக்கில், வெளியே சுதந்திரமாகப் படமெடுக்க முடியாத நிலையில், தம் பணிக்கூடத்துச் சன்னலைப் படமெடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படிந்த பனித்துளி, அதற்கு அப்பால் தோட்டத்தில் வளைந்து நின்ற ஒரு மரம், சன்னல் விளிம்பில் வைத்த ஒரு கோப்பை ஆகியவற்றைப் போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் அவர் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். நமக்குச் சன்னலோடு ஒரு செம்பனைக் காடும் ஓர் ஆறும் இருக்கின்றன.

கைப்பேசியை ஆயத்தம் செய்தல்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால்சட்டைப் பையின் தூசியும் விரல் எண்ணெயும் வில்லையில் ஒட்டியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கைப்பேசியிலும் படம் மங்கலாகத்தான் விழும். ஆகவே ஒவ்வொரு முறையும் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் மரமும் கம்பமும் சாயாமல் நிற்கும், அடுத்த முறை அதே இடத்திலிருந்து எடுக்கும்போது ஒப்பிடவும் வசதியாக இருக்கும். ஜூம் செய்து இழுப்பதைக் காட்டிலும் நான்கடி முன்னால் நடப்பது நல்லது. ஃபில்டர்களைத் தொடாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து, ஏனென்றால் ஒரு மாதத்து மாற்றத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் நிறத்தை நாமே மாற்றிவிட்டால் எது இலையின் மாற்றம், எது நம் கைவேலை என்று பிறகு தெரியாது.

ஒன்றை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். இருண்ட செம்பனை நிரைக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால், கைப்பேசி இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு இறகு தெரியாத வெள்ளைப் பொட்டாகிவிடும். அப்போது திரையில் கொக்கின் மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். இறகின் மடிப்புகள் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். காலை வெயிலில் கோலம் எடுப்பதற்கும், வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிப் பிள்ளைகளை எடுப்பதற்கும் இதே முறைதான்.

வெளிச்சம் வரும் நேரம்

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேராக எழுந்து நேராக இறங்குகிறது. குளிர்நாடுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடிய மஞ்சள் வெயில் இங்கே சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலும் 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டதிலிருந்து, ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டியே விடிகிறது, 7 மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. காலையில் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்களுக்கு இது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுக் கிளம்பினாலும் மாலை 6.30 முதல் 7 வரை நல்ல வெளிச்சம் கையில் இருக்கும். பகல் 12 மணிக்குமேல் தலைக்கு நேராக அடிக்கும் வெயிலில் முகமும் இலையும் கறுத்து விழும் என்பதால், அந்த நேரத்தை வீட்டுக்குள் சன்னலோரப் பொருள்களுக்கு விட்டுவிடலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலைநேரத்து இடிமழை ஓய்ந்ததும் வெளியே வாருங்கள், கழுவிவிட்ட இலைமேல் விழும் அந்த வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது. இடிச் சத்தம் முற்றிலும் நின்ற பிறகே திடலில் கால் வையுங்கள்.

கிட்டப் போதல்

அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை முழுதாகப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்தவர்கள், படமெடுக்காமல் பார்த்தவர்களைக் காட்டிலும் அதைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று தெரியவந்தது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை. நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நடைமுறை சார்ந்தது: முழுக் காட்சியை ஒருமுறை எடுத்துவிட்டு, உடனே அதில் ஒரு சிறு பகுதியைத் தேடிக் கிட்டப் போக வேண்டும்.

செம்பனையை எடுத்துக்கொள்வோம். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது. ஆனாலும் அந்த மரத்தின் பூவைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே விழிப்பார்கள். கண் உயரத்தில் பூக்கும் இளம் மரம் ஒன்றைப் பாருங்கள். மட்டையின் இடுக்கில் விரல் விரலாக நீண்டிருக்கும் ஆண் பூ மலர்ந்திருந்தால் சோம்பு வாசம் வரும், அதன்மேல் எள்ளளவு கருவண்டுகள் நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். இந்தக் கூன்வண்டு கேமரூனிலிருந்து 1981ஆம் ஆண்டில் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பு பல தோட்டங்களில் ஆள்வைத்து மகரந்தத்தைத் தூவ வேண்டியிருந்தது. வண்டு வந்ததும் அந்த வேலையை அதுவே எடுத்துக்கொண்டது. கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மூச்சை அடக்கி, வண்டின்மேல் விரலால் தொட்டு எடுங்கள். அதற்கும் கிட்டப் போனால் பல கைப்பேசிகளில் படம் மசங்கிவிடும், ஆகவே மசங்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுப் பின்வாங்குவதே சரியான தூரம்.

பால்மரம் மிச்சமிருக்கும் பக்கமாக இருந்தால், காய் வெடிக்கும் காலத்தில் மரத்தடியில் சிதறிக் கிடக்கும் விதைகளைப் பொறுக்கி வந்து, சன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத்தாளின்மேல் வரிசையாக வைத்து எடுத்துப் பாருங்கள். ஒரே மரத்து விதைகளில் ஏறக்குறைய ஒரே புள்ளிக்கோலமும் அடுத்த மரத்து விதைகளில் வேறு கோலமும் இருப்பது தெரியும், ஏனென்றால் விதையின் மேலோடு தாய்மரத்தின் திசுவால் ஆனது. சின்ன வயதில் அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்து வீட்டுப் பையனின் தொடையில் சூடு வைத்தவர்களுக்கு இந்தக் கோலத்தைப் பார்க்க அப்போது நேரம் இருந்திருக்காது.

திரும்பப் போதல்

மேலே சொன்னவை எல்லாம் இதற்கான ஆயத்தம்தான். வாரத்தில் ஒரு நாளை முடிவுசெய்து, அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் பிடித்து எடுங்கள். நிற்கும் இடத்துக்கு அசையாத அடையாளம் ஒன்று வேண்டும்: மின்கம்பம், மதகு, கோயில் படி. முந்தைய வாரப் படத்தைத் திறந்து, கட்டக் கோட்டில் எந்தக் கிளை எங்கே இருந்தது என்று பார்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

இலையுதிர்காலம் நமக்கு இல்லை என்று சொல்பவர்கள் பால்மரத்தை மறந்துவிடுகிறார்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் வறட்சி வந்ததும் இலை மஞ்சளும் சிவப்புமாகி முழுவதும் கொட்டி, மரம் விறகுபோல் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு மரம் பட்டுப்போயிற்று என்று நினைக்கும் புதியவர்கள், சில வாரங்களில் செம்பு நிறத்தில் தொங்கும் தளிர்களையும் அவை மெல்லப் பச்சையாவதையும் பார்ப்பார்கள். இந்த ஒரு மாத மாற்றத்தை நான்கைந்து படங்களில் பிடித்து வரிசையாக வைத்தால், அதற்குக் கீழே எதையும் எழுத வேண்டியிருக்காது. செம்பனைக் குலைக்கு இன்னும் பொறுமை வேண்டும், பூ காய்த்துப் பழுக்க ஐந்தாறு மாதங்கள் ஆகும். கறுத்த காய் அடியிலிருந்து ஆரஞ்சாக மாறி, உதிரிப்பழம் நிலத்தில் விழத் தொடங்கியதும் குலை அறுவடைக்குப் போய்விடும் என்பதால், கடைசி வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

மறுநடவு நடக்கும் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டப்புறத்தில் மனத்தை அதிகம் உடைக்கும் காட்சி அதுதான். ஏறக்குறைய 25 ஆண்டுகள் காய்த்த செம்பனைகளை இயந்திரம் சாய்த்துத் துண்டுபோட்டுக் குவிக்கும்போது, அந்த மரங்களைக் கன்றிலிருந்து பார்த்தவர்களுக்குப் பேச்சு வராது. படமெடுக்கப் போகிறவர்கள் அந்த நாளோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குள்ள வருத்தம். அதே கம்பத்தடிக்குச் சில மாதங்கள் கழித்துப் போனால் பயறு வகைக் கொடிகள் மண்ணை மூடிப் படர்ந்திருக்கும், அவற்றுக்கு நடுவே நாற்றுமேடையிலிருந்து வந்த கன்றுகள் நிரை பிடித்து நிற்கும். நட்டதிலிருந்து இரண்டரை ஆண்டுகள் அளவில் முதல் குலை வெட்டப்படும். அதுவரை மாதத்துக்கு ஒரு படம் போதும். எல்லா நிலமும் இப்படித் துளிர்க்கும் என்று சொல்ல முடியாது, சில நிலங்களில் கன்றுக்குப் பதிலாக வீடமைப்புத் திட்டத்தின் விளம்பரப் பலகை எழும்பும். அப்படி ஆனாலும் எடுப்பதை நிறுத்தாதீர்கள், அங்கே குடிவரப் போகும் பிள்ளைகளுக்கு அந்த நிலம் எப்படி இருந்தது என்று காட்ட உங்கள் வரிசை மட்டுமே இருக்கலாம்.

தோட்டத்துக்குள் போகுமுன் அலுவலகத்திலோ வாயிற்காவலரிடமோ சொல்லி அனுமதி பெறுவது கட்டாயம். குலை வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது, உயரத்திலிருந்து விழும் குலை 20 கிலோவைத் தாண்டலாம். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும் என்பதால் மூடிய காலணி போடுங்கள், குவித்த மட்டைகளின்மேல் ஏறாதீர்கள். அந்த எலிகளுக்காகவே பல தோட்டங்களில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். கூகை அலறினால் சாவு விழும் என்று கேட்டு வளர்ந்தவர்கள், நிர்வாகமே அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருப்பதை ஒரு படம் எடுத்துப் பாட்டியிடம் காட்டலாம். பெட்டியைத் தட்டவோ ஃபிளாஷ் அடிக்கவோ வேண்டாம். ஈயம் எடுத்துவிட்டுப் போன பழைய குட்டைகளின் கரை மணல் காலடியில் சரியும், தண்ணீரும் திடீரென்று ஆழமாகும், ஆகவே எவ்வளவு அழகாக வானம் அதில் தெரிந்தாலும் பாதையிலிருந்தே எடுங்கள்.

மனிதர்களை எடுக்கும்போது

கேட்டுவிட்டு எடுங்கள். கேட்பதிலேயே பாதிப் பயன் கிடைத்துவிடும். “பாட்டி, உங்க கறிவேப்பிலைச் செடிய வாரா வாரம் வந்து படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டால், “எடுத்துக்கய்யா, ஆனா காலையிலேயே வந்துடு. சாயந்தரத்துக்குள்ள நாலு பேரு இணுக்கு ஒடச்சிட்டுப் போயிடுவாங்க” என்று பதில் வரும், அடுத்த வாரம் உங்களுக்காக ஒரு கோப்பைத் தேநீரும் காத்திருக்கும். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு, தம் செடியைப் பார்க்க வாரம் தவறாமல் ஒருவர் வருகிறார் என்பதே அவர்கள் பக்கத்து எதிர்பார்ப்பாகிவிடும்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களின் முகம் தெரியும் படத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுப்பதும் பகிர்வதும் தவறு, அவர்கள் நிலைமை என்னவென்று நமக்குத் தெரியாது. கையை எடுக்கலாம், அரிவாளைத் தீட்டும் கல்லை எடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளை எடுக்கப் பெற்றோரும் தலைமையாசிரியரும் ஒப்ப வேண்டும். கோயில் கருவறையை எடுக்கலாமா என்பதைப் பூசாரியிடமோ நிர்வாகத்திடமோ முன்கூட்டியே கேளுங்கள். தீமிதியன்று எல்லாரும் குழிக்கு முன்னால் முண்டியடிக்கட்டும், நீங்கள் முந்தின நாள் மாலையில் விறகு அடுக்குபவர்களிடம் போங்கள்.

வாரத்துக்கு ஒரு வியப்பு நடை

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்து ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதியவர்கள் எட்டு வாரங்கள், வாரத்துக்கு 15 நிமிடம் வெளியே நடந்தார்கள். வியப்பூட்டும் எதையாவது தேடிக்கொண்டு நடக்கும்படி ஒரு குழுவினரிடம் மட்டும் சொல்லப்பட்டிருந்தது. ஒவ்வொரு நடையின்போதும் எல்லாரும் தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டார்கள். வியப்பைத் தேடி நடந்தவர்களின் படங்களில் வாரம் ஏற ஏற அவர்கள் உருவம் சட்டத்தில் சிறுத்துச் சுற்றுப்புறம் பெருகியது, புன்னகையும் கூடியது. இதை அப்படியே செய்து பார்க்கலாம்: நடை முடியும் இடத்தில் உங்களையும் ஒரு படம் எடுத்து, தேதிவாரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடை எப்போதும் உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. சிலாங்கூர் ஆற்றோடு கீழே போனால் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக மின்னுவதைப் படகிலிருந்து பார்க்கலாம். அங்கே ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. ஆடும் படகில் கைப்பேசிக்கு அந்த வெளிச்சம் பிடிபடுவதும் அரிது, ஆகவே அன்றைக்குக் கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிடுவது உத்தமம்.

மனம் ஒப்பாத நாள்கள்

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே அலைய வேண்டாம், சூடெக்கைப் போல் சன்னலைப் பார்க்கலாம். புகைக்கு நடுவே மங்கிய சிவப்பு வட்டமாகத் தெரியும் சூரியனையும், மழை வந்து புகை கரைந்த மறுநாள் வானத்தையும் ஒரே சன்னல் வழியாக எடுத்து வையுங்கள். மனம் சோர்ந்த நாளில் எடுத்த படம் இருட்டாகவோ கோணலாகவோ இருந்தால் அழித்துவிடாதீர்கள், வரிசையில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் சோர்வு வாரக்கணக்கில் நீண்டு, தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வதில் பிடிப்பே இல்லை என்று தோன்றினால் படமெடுப்பது அதற்கு மருந்தாகாது. அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைத்துப் பேசுங்கள்.

சேர்த்து வைத்தல்

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரப் படங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். வைத்துக்கொண்டதற்குத் தேதியும் ஒரு வரியும் எழுதுங்கள்: “மூன்றாவது இலை விரிந்துவிட்டது, ஓரத்தில் புழு கடித்திருக்கிறது.” மனநிலையை எழுத வேண்டாம், கண்ணால் பார்த்ததை எழுதினால் போதும். மாதத்துக்கு ஒருமுறை பட்டணத்துப் புகைப்படக் கடையில் நான்கைந்தை அச்சிட்டு, குளிர்பெட்டிக் கதவில் தேதி வரிசையில் ஒட்டிவையுங்கள். முகநூலில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் முதல் மூன்று மாதங்களுக்குப் போட வேண்டாம் என்பேன், ஏனென்றால் எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணத் தொடங்கிய பிறகு, அடுத்த வாரம் செடி எப்படி இருக்கும் என்ற ஆவல் பின்னுக்குப் போய்விடுகிறது.

தேர்ந்தெடுத்த செடி பட்டுப்போனாலோ, மரம் வெட்டுப்பட்டாலோ, அந்த வெற்றிடத்தையும் ஒரு படம் எடுத்து வரிசையை முடித்துவிட்டு, அதே வாரத்தில் வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று என்ற எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேமரா வாங்கலாமா என்று கேட்பவர்கள் ஆறு மாதம் பொறுங்கள். அதற்குள் உங்கள் படங்களில் செடியும் மனிதர்களும் கட்டடங்களுமே மிகுந்திருந்தால் கைப்பேசியே போதும். கொக்கும் மீன்கொத்தியும் கூகையும் மீண்டும் மீண்டும் வந்து, எட்டாத தூரத்தில் சிறு புள்ளிகளாகவே நிற்கின்றன என்றால், 300 மில்லிமீட்டர் வரை எட்டும் வில்லையோடு பழைய கேமரா ஒன்றைத் தேடலாம். வாங்குமுன் வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது சீக்கிரம் பிடிக்கும், ஆகவே வாங்கிய பிறகும் காற்றுப்புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் போட்டுத்தான் வைக்க வேண்டும்.